அபிக்கு நேரம் இருக்கும்

சேலையூர், தாம்பரம் கிழக்கு
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் அம்மாவும் நானும் சுகம். நீயும் ஜோசலின் அண்ணியும் பிள்ளைகளும் மெல்பர்ன் குளிரில் இருமாமல் இருக்கிறீர்களா?

இனிமேல் உனக்கு இப்படி மெயிலில்தான் எழுதப்போகிறேன். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். "எப்படி இருக்கே அபி" என்று நீ கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? வாட்ஸ்அப்பை இனி நம்ப மாட்டேன். போன வாரம் எங்கள் ஃபிளாட் சங்கத் தலைவர் ஜெயகிருஷ்ணன் சாரைப் பற்றி உனக்கு நீளமாகப் புலம்பி அனுப்பினேன். எதுவும் வரவில்லையே என்றாய். அது ஃபிளாட் குழுவுக்கே போய்விட்டிருக்கிறது. எல்லா வீட்டுக்காரர்களும் படித்துவிட்டார்கள். அவர் அதற்குக் கீழே கும்பிடும் கைகளை மட்டும் போட்டிருந்தார். கோபமா, வருத்தமா, நன்றியா என்று இதுவரை எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலையில் படியில் எதிரே வந்தவர், லிஃப்ட் ரிப்பேர் காண்ட்ராக்டையும் நீயே பார்த்துக்கொள் அம்மா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் "சரி சார்" என்றேன்.

சங்கச் செயலாளர் பதவி உனக்கு எதற்கு என்று கேட்டிருந்தாய். மொட்டைமாடியில் கூட்டம் நடந்தது. பழைய செயலாளர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போகிறார். அடுத்து யார் என்று கேட்டதும் எல்லோரும் தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது ஜெயகிருஷ்ணன் சார், "அபிகாயிலுக்கு நேரம் இருக்கும். புருஷன், பிள்ளைன்னு ஓட வேண்டியதில்ல பாருங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன் அண்ணா. யாருக்காகத் தட்டுகிறோம் என்று புரிவதற்குள் மோட்டார் ரூம் சாவி என் கைக்கு வந்துவிட்டது.

மறைமலை நகர் ஆபீஸில் எனக்கு எதிர் மேஜைப் பெண் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். அவளுடைய கப்பல் பேப்பர்களையும் நான்தான் பார்க்கிறேன். சனிக்கிழமை தனசிங் மாமாவின் பட்டறைக் கணக்கு. உனக்கு நினைவிருக்கும், அப்பாவோடு சபைக் கமிட்டியில் இருந்தவர், திருமுடிவாக்கத்தில் கேட், கிரில் செய்கிறார். அவருடைய கணக்குப்பிள்ளை நின்றுவிட்டார் என்று "ரெண்டு மாசம் மட்டும் பாத்துக் குடு பாப்பா" என்றார். அது போன வருடம். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு, அதற்கு முன் ஞாயிறு பள்ளி. சாயங்காலங்களில் மூன்றாம் மாடிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம். அதை எப்போது ஒப்புக்கொண்டேன் என்றே நினைவில்லை. ஒருநாள் கதவைத் திறந்தேன், நோட்டோடு நின்றார்கள்.

இதில் ஒன்றைக்கூட நான் போய்க் கேட்டு வாங்கவில்லை. வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. நேற்று முன்தினம் ஆபீஸில் போனை எடுத்து "ஸ்தோத்திரம் ஆன்ட்டி" என்றேன். அந்தப் பக்கத்தில் துறைமுகத்துக் கிளியரிங் ஏஜென்ட்.

இதற்குப் பெயர் களைப்புதானா என்று தெரியவில்லை. களைப்பு என்றால் படுத்ததும் தூக்கம் வர வேண்டும் இல்லையா?

அண்ணிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தங்கள்.

உன் தங்கை,
அபிகாயில்


மெல்பர்ன்
10 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை அபிக்கு,

உன் கடிதம் படித்துச் சிரித்தேன், பிறகு கவலைப்பட்டேன். அப்பா மாதிரியே ஆகிவிட்டாய். அவரும் இப்படித்தான் தெருவில் யார் கூப்பிட்டாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஆனால் வீட்டைப் பார்த்துக்கொள்ள அவருக்கு அம்மா இருந்தார்கள்.

அபி, நீ "முடியாது" என்று சொல்லப் பழக வேண்டும். நான் இதை இங்கே வந்துதான் கற்றேன். மேனேஜர் சனிக்கிழமை வரச் சொன்னால் முடியாது என்கிறேன். அவரும் சரி என்று போய்விடுகிறார், அவ்வளவுதான். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நாம்தான் மனதுக்குள் பெரிதாக்கிக்கொள்கிறோம். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார். முதலில் அந்த லிஃப்ட் விவகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு.

ஒரு சின்ன வேலை. குரோம்பேட்டையில் ஜோசலினுடைய அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் கூடப் போய் டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுத முடியுமா? அவர்கள் இருவருக்கும் டாக்டர் பேசுவது பாதி காதில் விழுவதில்லை. அப்புறம், டிசம்பர் 27 அம்மாவுக்கு எழுபது முடிகிறது. நாங்கள் எல்லோரும் வருகிறோம். பெரிதாக ஒன்றும் வேண்டாம், நூற்றைம்பது பேர் போதும். ஹாலை மட்டும் இப்போதே பிடித்து வைத்துவிடு. கிறிஸ்துமஸ் நேரத்தில் கிடைக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள். உன்னை நினைத்து இங்கே தினமும் ஜெபிக்கிறோம்.

அன்பு அண்ணன்,
ஜோனத்தான்


சேலையூர்
7 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

குரோம்பேட்டை மாமாவின் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. சொட்டு மருந்து விவரம் எல்லாம் அண்ணிக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஹாலுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். கட்டினேனா? ஆமாம், கட்டிவிட்டேன்.

இன்னொன்று உனக்குச் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நினைப்பார்களோ.

போன மாதக் கடைசியில் எங்கள் ஆபீஸ் ஷ்யாம்சுந்தர் சார் மகளுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் ரிசெப்ஷன். அன்று சாயங்காலமே பல்லாவரத்தில் பாடகர் குழு அக்கா ஒருவரின் மகனுக்கு நிச்சயதார்த்தம். இரண்டுக்கும் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஆபீஸ் பாத்ரூமிலேயே சேலை மாற்றிக்கொண்டு, செங்கல்பட்டு டிரெயினில் நின்றுகொண்டே வந்து, ஆட்டோ பிடித்து மண்டபத்துக்குப் போனேன். மேலே ஒரு ஹால், கீழே ஒரு ஹால். கீழ் ஹாலில் வரிசை நின்றது. வரிசையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். இப்போதெல்லாம் என் கால் அப்படித்தான் செய்கிறது. மேடைக்குப் போய்க் கவரைக் கொடுத்து, மாப்பிள்ளை பெண் நடுவில் நின்றேன். போட்டோக்காரர் "சிரிங்க மேடம்" என்றார். சிரித்தேன். அப்போது அந்தப் பெண் மாப்பிள்ளையிடம் மெதுவாக, "உங்க சைடா?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டியது ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை. இறங்கி வந்து வாசல் போர்டைப் பார்த்தால் பெயர்கள் வேறு. ஷ்யாம்சுந்தர் சார் வீட்டு விசேஷம் மேலே நடந்துகொண்டிருந்தது.

உடனே மேலே போயிருக்க வேண்டும். போகவில்லை. பந்தியில் ஓர் இடம் காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். பரிமாறியவர் "இன்னொரு ஜாங்கிரி வைக்கட்டுமா?" என்றார். "வைங்க" என்றேன். இரண்டு பக்கமும் தெரியாதவர்கள். அந்த ஹால் முழுக்க என்னிடம் எதையும் கேட்க ஒருவரும் இல்லை. போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். ரசம், மோர் எல்லாம் நிதானமாகச் சாப்பிட்டு, வெற்றிலை கூட எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நான் வெற்றிலை போடுகிறவளா? போன மாதத்தில் என் சந்தோஷமான சாயங்காலம் அதுதான் அண்ணா. மேலேயும் போகவில்லை, பல்லாவரத்துக்கும் போகவில்லை.

லீவு முடிந்து வந்த ஷ்யாம்சுந்தர் சார் எனக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்து கொடுத்து, "அவ்ளோ வேலைக்கு நடுவுல வந்தீங்களேம்மா, என் மனைவி ரொம்ப சந்தோஷப்பட்டாங்க" என்றார். வாங்கிக்கொண்டேன். ஒருவேளை வந்திருப்பேனோ என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

இதில் எனக்கு என்ன புரியவில்லை என்றால், தப்பான இடத்துக்குப் போனதற்கு வெட்கப்பட வேண்டும். வெட்கம் வரவில்லை. மறுபடி எப்போது இப்படித் தப்பும் என்று இருக்கிறது.

கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். அம்மா அடுக்களையிலிருந்து "என்ன முடியாது?" என்று கேட்டார்கள்.

உன்
அபி


மெல்பர்ன்
14 செப்டம்பர் 2025

என் அன்பு அபி,

இதைப் படித்துவிட்டு ஜோசலின் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம் முடிந்து சாப்பிடும்போது எல்லோருக்கும் சொன்னேன். "உங்க சைடா" என்பது இப்போது எங்கள் கூட்டத்தில் நிரந்தர ஜோக். சந்தோஷமான சாயங்காலம் என்று எழுதியிருந்தாயே, கிண்டலாகத்தானே எழுதினாய்?

மாமாவைக் கவனித்துக்கொண்டதற்கு ஜோசலின் ஆயிரம் நன்றி சொல்லச் சொன்னாள். உன்னைப் போல நாத்தனார் யாருக்கும் கிடைக்காது என்று அவளுடைய சிநேகிதிகளிடம் சொல்கிறாள்.

இன்னொரு விஷயம். ஜனவரியில் நாங்கள் திரும்பும்போது அம்மாவையும் ஆறு மாதத்துக்கு அழைத்து வரலாம் என்று நினைக்கிறோம். உனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். விசாவுக்கு அம்மாவின் பேப்பர்களும் மெடிக்கல் டெஸ்டும் வேண்டும். என்னென்ன என்று கீழே எழுதியிருக்கிறேன், நீ எடுத்து அனுப்பிவிடு. பிறந்தநாளுக்கு யார் யாரை அழைப்பது என்றும் யோசித்து வை. அப்பாவின் பழைய சிநேகிதர்கள் ஒருவரும் விடுபடக் கூடாது. அழைப்பு போனில் வேண்டாம், நேரில் போய்ச் சொன்னால்தான் மரியாதை. சனி ஞாயிறுகளில் இரண்டு மூன்று வீடாகப் போனால் முடிந்துவிடும். உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
ஜோனத்தான்


சேலையூர்
12 அக்டோபர் 2025

அண்ணா,

நேற்று அம்மாவை மறந்துவிட்டேன்.

இதை வேறு எப்படி எழுதுவது என்று காலையிலிருந்து யோசித்தேன். ஞாயிறு ஆராதனைக்கும் போகவில்லை.

அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. சனிக்கிழமை என்பதால் திருமுடிவாக்கத்தில் தனசிங் மாமாவின் கணக்கு பாதியில் கிடந்தது. அன்றுதான் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடக் கடைசி நாள். இடையில் வந்து அம்மாவை ஸ்கூட்டியில் ஏற்றிக் கேம்ப் ரோட்டில் பல் டாக்டரிடம் விட்டேன். கூட்டமாக இருந்தது. அரை மணியில் வருகிறேன், இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அம்மாவின் போன் என் பையிலேயே இருந்தது. அதைக் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் லிஃப்ட் பாதியில் நின்றிருக்கிறது. ஜெயகிருஷ்ணன் சார் மெக்கானிக்கோடு பேசச் சொன்னார். பேசினேன். தனசிங் மாமா இரண்டு தடவை கூப்பிட்டார். லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ரிட்டர்னைப் போட்டு முடித்தேன். மணியைப் பார்த்தால் பாட்டுப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. ஓடினேன். கிறிஸ்துமஸ் பாட்டு ஆரம்பித்திருக்கிறோம். நன்றாகப் பாடினேன் அண்ணா. நடுவில் டீ குடிக்கும்போது ஓர் அக்கா "அம்மா எப்படி இருக்காங்க" என்று கேட்டார். "நல்லா இருக்காங்க அக்கா" என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டையும் பாடினேன். அதை முடித்துப் புத்தகத்தை மூடும்போதுதான் நினைவு வந்தது.

கிளினிக் ஷட்டர் இறக்கியிருந்தது. தூறல் வேறு. வீட்டுக்கு வந்தால் கேட்டில் நம் ஸ்டாண்டு ஆட்டோக்காரர் சவுரிமுத்து நின்றிருந்தார். "அம்மாவ நான் இட்டாந்துட்டேன்க்கா. மெடிக்கல் வாசல்ல ஒக்காந்துகினு இருந்தாங்க. வாங்க போலாம்னா, பொண்ணு வரும், நா இல்லன்னா தேடும்னு எந்திரிக்கவே மாட்டேன்ட்டாங்க. அப்பால கடைய மூடிட்டாங்கோ, அதுக்கப்பறம்தான் வண்டில ஏறுனாங்க" என்றார். நான் காசு எடுத்தேன். அவர் வாங்கவில்லை. "போய் அம்மாவப் பாருக்கா" என்றார்.

சாவி இல்லாததால் அம்மா இரண்டாம் மாடியில் தீபலட்சுமி வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பல் பிடுங்கியிருந்தது. வாயில் பஞ்சு. தீபலட்சுமி கண்ணை நான் பார்க்கவில்லை. வீட்டுக்குள் வந்ததும் அம்மா திட்டுவார்கள் என்று நின்றேன். பஞ்சை எடுத்துவிட்டு, "பிராக்டீஸ் போனியா? இன்னிக்கு என்ன பாட்டு?" என்று கேட்டார்கள். எப்போதும் கேட்பது போலவேதான் கேட்டார்கள்.

திட்டியிருந்தால் தேவலை.

அண்ணா, பிறந்தநாள் விழாவை என்னால் செய்ய முடியாது. வீடு வீடாகப் போய் அழைக்க முடியாது. இதை நான்கு தடவை எழுதி அழித்தேன். இந்தத் தடவை அழிக்கவில்லை. நீதான் சொல்லிப் பழகச் சொன்னாய். ஜெயகிருஷ்ணன் சாரிடம் வரவில்லை, தனசிங் மாமாவிடம் வரவில்லை. உன்னிடம்தான் முதலில் வருகிறது. ஏன் உன்னிடம் என்று எனக்கே புரியவில்லை. நீ தூரத்தில் இருப்பதாலா, இல்லை, நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்றா?

அபி


மெல்பர்ன்
15 அக்டோபர் 2025

அபிகாயிலுக்கு,

உன் கடிதம் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. எழுபது வயது அம்மா, பல் பிடுங்கிய வாயோடு, மழையில் மருந்துக்கடை வாசலில். நீ அதே நேரத்தில் பாடிக்கொண்டிருந்தாய். ஆட்டோக்காரர் பார்த்திருக்காவிட்டால்?

உனக்கு வேலை அதிகம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எத்தனை வேலை இருந்தாலும் மறக்கக் கூடாத ஒன்று இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா உனக்குப் பாரமாக இருந்தால் வெளிப்படையாகச் சொல்லிவிடு. ஆறு மாதத்துக்கு இல்லை, நிரந்தரமாகவே அழைத்துக்கொள்கிறேன்.

விழாவுக்கு நான் இங்கிருந்தே ஆள் வைத்துவிடுகிறேன். அழைப்பையும் போனில் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ விருந்தாளியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் போதும்.

ஜோனத்தான்


சேலையூர்
2 நவம்பர் 2025

அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. ஹாலுக்குக் கட்டிய முன்பண ரசீதை இணைத்திருக்கிறேன். அம்மாவின் மெடிக்கல் டெஸ்ட் வருகிற வியாழக்கிழமை. லீவு போட்டு நானே அழைத்துப் போகிறேன். பக்கத்திலேயே இருப்பேன்.

அபிகாயில்


மெல்பர்ன்
1 பிப்ரவரி 2026

அன்புள்ள அபி,

அம்மா சுகம். இங்கே வெயில். காலையில் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு ஜோசலினோடு நடக்கப் போகிறார்கள். இந்த ஊரில் தெருவில் ஆளே இல்லையே, எல்லோரும் எங்கே போனார்கள் என்று தினமும் கேட்கிறார்கள்.

டிசம்பரில் மூன்று வாரம் ஒரே வீட்டில் இருந்தோம். நீயும் நானும் சரியாகப் பேசவில்லை. நீ விருந்தாளியிடம் பேசுவது போல் என்னிடம் காபி வேண்டுமா, வெந்நீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். ஏர்போர்ட்டில் உன்னைக் கட்டிப்பிடித்தபோது ஏதோ சொல்ல நினைத்தேன். அதற்குள் டிராலியை யாரோ இடித்தார்கள்.

நேற்று ஒன்று நடந்தது. பிள்ளைகள் கேட்டார்கள் என்று அம்மாவின் பிறந்தநாள் வீடியோவை டி.வி.யில் போட்டோம். பாட்டு எதுவும் சேர்க்காமல் எடுத்தபடியே அனுப்பிய முழுப் பதிவு. முன்னால் அம்மா கேக் வெட்டுகிறார்கள். பின்னால் ஒரு குரல், "அபி, கத்தி எங்க?" கொஞ்சம் கழித்து, "அபி, சபை ஐயர ஜெபத்துக்குக் கூப்பிடு." அப்புறம், "அபி, குரோம்பேட்டை மாமாவுக்கு ஒரு சேர்." அது யார் குரல் என்று சின்னவன் கேட்டான். "அது நம்ம அப்பா குரல்டா" என்றாள் பெரியவள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. நான் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அவர்களும் சேர்ந்து "அபி" என்று கத்தினார்கள். ஜோசலின் சிரித்தாள். நானும் முதலில் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "அவ அன்னிக்கு சாப்பிடவே இல்ல" என்றார்கள்.

நீ வீடியோவில் ஒரு தடவை வருகிறாய். கையில் பிரியாணித் தட்டு. ஒரு வாய் எடுக்கிறாய். யாரோ கூப்பிடுகிறார்கள், தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போகிறாய். கூப்பிட்டது நான்தான். எதற்குக் கூப்பிட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. உன்னை உட்கார வைப்பதற்காகத்தான் ஆள் வைத்தேன், அபி. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அக்டோபரில் உனக்கு எழுதியதை எடுத்துப் படித்தேன். மன்னித்துக்கொள் என்று எழுதலாம். எழுதினால் நீ உடனே "பரவாயில்லை அண்ணா" என்று பதில் எழுதுவாய். அதுவும் உனக்கு ஒரு வேலை. அதனால் பதில் வேண்டாம். ஆனால் மன்னித்துக்கொள்.

ஜோசலினும் நானும் பேசினோம். நீ இங்கேயே வந்துவிடு. உன் படிப்புக்கும் அனுபவத்துக்கும் வழி இருக்கிறது என்று இங்கே விசா ஏஜென்ட் சொல்கிறார். மாடியில் அறை காலியாக இருக்கிறது. சேலையூர் ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுவிடலாம். அங்கே உன்னைப் பிய்த்துத் தின்கிறவர்களிடமிருந்து ஒரேயடியாக விடுதலை. பிள்ளைகள் இப்போதே குதிக்கிறார்கள், ஸ்கூல் விட்டு வந்தால் அத்தை இருப்பாள் என்று. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ் ஆராதனையில் ஆல்ட்டோ குரலில் பாட ஆளே இல்லை. ஜூலைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நீ சரி என்று மட்டும் எழுது. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன் அண்ணன்,
ஜோனத்தான்


சேலையூர்
22 பிப்ரவரி 2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. கதவைத் திறந்தால் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும் கேட்கிறது. அம்மாவைத் தினமும் போனில் பார்க்கிறேன். முகம் தெளிந்திருக்கிறது. அண்ணிக்கு என் நன்றியைச் சொல்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். பதில் வேண்டாம் என்று சொன்ன இடத்துக்குப் பதில் எழுதவில்லை. படித்தேன், அவ்வளவுதான். அன்று இரவு தூக்கம் வந்தது.

போன மாதம் சங்கக் கூட்டத்தில், இனிமேல் என்னால் முடியவில்லை என்று சொன்னேன். குரல் உடைந்துவிட்டது, வெட்கமாக இருந்தது. யாராவது காரணம் கேட்பார்கள் என்று நிறையத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. தீபலட்சுமி கையைத் தூக்கி, "நான் பாக்கறேன்" என்றாள். முடிந்தது. மறு வாரமே பழைய லிஃப்ட் கம்பெனியை மாற்றிவிட்டாள். இப்போது லிஃப்ட் நிற்பதே இல்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது. கூடவே, இத்தனை நாள் இவ்வளவு ஓடியதெல்லாம் எதற்கு என்று ஓர் எரிச்சலும் வந்தது. என்னை விட்டால் ஆளில்லை என்று அவர்கள் நினைத்தார்களா, நான் நினைத்தேனா?

ஆபீஸில் எதிர் மேஜைப் பெண் திரும்பி வந்துவிட்டாள். மூன்றாம் மாடிப் பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள். அவர்களை அனுப்ப மனம் வரவில்லை. பாட்டையும் விடவில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. முன்பு அதற்கும் ஓடித்தான் போனேன், அதனால் பிடிக்கிறதா என்று பார்க்கவே இல்லை.

நேற்று தனசிங் மாமா கூப்பிட்டார். மருமகன் புதிதாக ஒரு கடை திறக்கிறார், அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். சரி மாமா என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. வேறு ஏதோ வந்தது. "யோசிச்சு சொல்றேன் மாமா" என்றேன். அந்தப் பக்கம் பட்டறையில் கம்பி அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு "சரி பாப்பா, யோசி" என்று வைத்துவிட்டார். அரை மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். "சரி அண்ணா" என்று முதல் நாளே எழுதிவிட்டேன். அனுப்பவில்லை. ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கதவு திறந்துவிட எனக்கு ஆசைதான். அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கவும் ஆசைதான். உங்கள் ஆராதனையில் பாடக் கசக்கவா செய்யும்? ஆனால் இந்த ஆசைகள் என்னுடையவையா, நீ கேட்டதால் எனக்குள் முளைத்தவையா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இத்தனை வருடம் யார் எதைக் கேட்டாலும் அதைத்தான் எனக்கும் பிடித்தது என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன் போல. பிரித்துப் பார்க்க நாளாகும். நீ என்னை இங்கிருந்து விடுவிக்க நினைக்கிறாய். அது புரிகிறது. மாடி அறையில் உட்கார்ந்து, கீழேயிருந்து "அபி" என்று நீ கூப்பிடும் குரலுக்கு நான் எழுந்து ஓடாமல் இருப்பேனா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதை நீ சொல்ல முடியாது, நான்தான் பார்க்க வேண்டும்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. உன் மேல் கோபம் இருந்தது, இப்போது தேடிப் பார்த்தால் கிடைக்கவில்லை. ஒருவேளை நாளைக்குக் கிடைக்கலாம்.

அம்மாவிடம் இன்று மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று சொல். அயிரை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். காரம் கொஞ்சம் கூடிவிட்டது.

நீ கேட்டதற்கு என் பதில், யோசித்துச் சொல்கிறேன். ஜூலைக்குள் என்று எழுதியிருக்கிறாய். அது ஏஜென்ட்டுடைய தேதி. என் தேதி எது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அண்ணா.

அன்புடன்,
அபி